பயங்கர ஆட்சியின் வேர் எங்கே?

கொடுங்கோன்மை என்றதும் நம் மனக்கண் முன் ஓர் அரக்கன் வந்து நிற்கின்றான். கோரைப் பல்லும் சிவந்த கண்ணும் ஏந்திய வாளுமாக அவனை நாம் கூத்துக் களரியிலே கண்டு பழகியவர்கள். அவன் மேடைக்கு வருமுன் மத்தளம் முழங்கும்; பந்தம் எரியும்; குழந்தைகள் தாயின் முந்தானைக்குள் ஒளிந்து கொள்வார்கள். ஆகையால் நாட்டிலே கொடுமை தலையெடுக்கும்பொழுதும் அவ்விதமே மத்தளம் கொட்டி அறிவித்துக்கொண்டு வரும் என்று நாம் எண்ணியிருக்கின்றோம்.

ஆனால் நம் மலையகத்துக்கு அது அவ்விதம் வரவில்லை. கண்ணாடி அணிந்து, பேனாவைக் காதிலே செருகிக்கொண்டு, கச்சேரியின் நீண்ட மேசைக்குப் பின்னால் அமர்ந்து, "அடுத்த ஆள்" என்று அழைத்துக்கொண்டு வந்தது.

ஹட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை வழியாக நானுஓயாவுக்குக் கோச்சியில் ஏறிச் செல்லும் பிரயாணி சன்னலோரம் அமர்ந்து மலைச்சரிவுகளின் பசுமையைப் பார்த்து மெய்ம்மறக்கின்றான். அந்தப் பசுமையின் நடுவே, அந்த லயங்களின் வரிசையிலே, ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்களை எந்த நாட்டுக்கும் உரியரல்லர் என்று ஆக்கி வைத்த காரியம் நடந்தது. அதற்குப் பீரங்கி வேண்டியிருக்கவில்லை. முட்கம்பி வேலி வேண்டியிருக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் சில பக்கங்கள் போதுமாயிருந்தன. தொடங்கிய ஆண்டு 1948. எஞ்சியிருந்தோர்க்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஆண்டு 2003. இடைப்பட்டவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்; ஒரு மனிதன் பிறந்து, கொழுந்தெடுத்து, முதுகு வளைந்து, அதே தேயிலைச் செடியின் அடியில் புதைக்கப்படுவதற்குப் போதுமான காலம்.

இருபதாம் நூற்றாண்டின் பயங்கர ஆட்சிகளுக்கு மனித காரணம் யாது என்று உலகத்து அறிஞர் ஆராய்ந்து பல நூல்கள் எழுதியுள்ளனர். ஜோர்ஜ் ஓர்வெல் என்னும் ஆங்கில எழுத்தாளர், இளமையில் பர்மாவிலே பொலிஸ் உத்தியோகம் பார்த்தவர், அரசே மனிதனின் பெயரையும் நினைவையும் பதிவேட்டிலிருந்து அழித்துவிடும் ஒரு கொடிய எதிர்காலத்தைக் கற்பனை செய்து கதை புனைந்தார். அந்நூல் வெளிவந்தது 1949இல். அதே 1949இல் இலங்கைப் பாராளுமன்றம் அவ்வாண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றி, பிரஜையல்லாதவரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்க வழி செய்தது. அவருக்குக் கற்பனை வேண்டியிருந்தது. நமக்கு அரசாங்க வர்த்தமானியே போதுமாயிருந்தது.

நடந்ததை முதலில் சுருங்கக் கூறிவிட்டு, அதை நடத்திய கைகள் எவருடையவை என்று பார்ப்போம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை உள்ளிட்ட எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். தம் இனத்தார் நில்லாத ஏனைய தொகுதிகளிலோ தொழிலாளர் தம் வாக்கைப் பெரும்பாலும் இடதுசாரிகளுக்கு அளித்தனர். இவ்விரண்டும் சேர்ந்து, டி. எஸ். சேனநாயக்கா தலைமையில் அமைந்த முதல் மந்திரிசபையின் உறக்கத்தைக் கெடுத்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவன் என்பது மட்டும் போதாது. அவன் தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அன்றேல் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். அடுத்து, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வம்சத்தினர் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்று ஒரு கதவைத் திறப்பதுபோல் திறந்தது. 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன்னர், மணமானவர் ஏழாண்டும் ஆகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடைவிடாது வசித்ததை நிரூபிக்க வேண்டும். இடையிலே ஓராண்டு இந்தியாவில் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. ஏற்ற வருவாய் உண்டென்றும் காட்டவேண்டும். அன்றாடக் கூலிக்காரனிடம் இதைக் கேட்டார்கள். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. 1964ஆம் ஆண்டளவில் பிரஜாவுரிமை கிடைத்தவர் சுமார் 1,34,000 பேர். 1952 முதல் 1977 வரை தம் வாக்கினால் தாமே தெரிந்தெடுத்த ஒரு பிரதிநிதியையும் மலையகத் தமிழர் பாராளுமன்றத்துக்கு அனுப்ப இயலவில்லை.

நிரூபி என்று கேட்கப்பட்டவன் யார் என்பதைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியிலே கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்து வந்தவர்களின் வழித்தோன்றல் அவன். அவன் முன்னோர்க்கும் தாள் புதிதன்று. கழுத்திலே இலக்கமிட்ட தகரவில்லையைத் தொங்கவிட்டு அழைத்து வந்தார்கள். பத்துச்சீட்டு இல்லையேல் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போகமுடியாது; அச்சீட்டோ துரையின் மேசைப் பெட்டிக்குள் கிடந்தது. பெரட்டுப் புத்தகத்திலே பெயர் உண்டு. கங்காணியின் கடன் கணக்கிலே பெயர் உண்டு. அவனைக் கட்டிவைக்கத் தேவைப்பட்ட தாள்களிலெல்லாம் அவன் பெயர் பழுதின்றி எழுதப்பட்டிருந்தது. லயத்துக் காம்பராவிலே பாட்டன் பிறந்த நாளை எழுதிவைக்க மட்டும் ஒருவரும் இருக்கவில்லை. அந்த ஒரு தாளைத்தான் கச்சேரி கேட்டது.

சட்டத்தின் வாசகத்திலே தமிழர் என்ற சொல்லே கிடையாது. இதுவே அதன் சாமர்த்தியம். கேகாலைப் பகுதியிலே இடாப்பில் இடம் மறுக்கப்பட்ட கொடகன் பிள்ளை என்பார் வழக்காடினார். இடாப்பைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கமே முடிவு செய்தார். உயர் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. 1953இல் பிரிவி கவுன்சில், இச்சட்டம் எந்தச் சமூகத்தையும் பெயர் சுட்டித் தாக்கவில்லை, தன் பிரஜைகள் யாவர் என்று தீர்மானிப்பது எந்த அரசுக்கும் உரிய இயல்பான உரிமையே என்ற கருத்தில் விடயத்தை முடித்தது. இலண்டனிலே அமர்ந்த கற்றறிந்த நீதிபதிகள் ஒருவரும் தீயவரல்லர். சட்ட வாசகத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தார்கள். வாசகத்தில் குற்றம் காணவில்லை. வாசகம் யார் வீட்டு வாசலிலே போய் நிற்கும் என்பதைப் பார்ப்பது தம் வேலையன்று என்றிருந்தார்கள்.

இனி அக்கைகளைப் பார்ப்போம்.

முதற் கை அஞ்சிய அரசியல்வாதியினுடையது. டி. எஸ். சேனநாயக்காவை இட்லர் என்று கூற நாம் ஆயத்தமாயில்லை. அவர் ஆசனங்களை எண்ணத் தெரிந்தவர். அடுத்த தேர்தலில் எத்தனை தொகுதி போகும் என்று கணக்கிட்டார், கணக்கு உதைத்தது, கணக்கைத் திருத்துவதற்கு வாக்காளரைத் திருத்தினார். கொடுமையின் பிறப்பிலே பெரும்பாலும் குருதிவெறியைக் காட்டிலும் இத்தகைய சிறிய அச்சமே முன்னிற்கின்றது. ஆசனம் போய்விடுமோ என்ற அச்சம், பெரும்பான்மையாகிய தாமே சிறுபான்மையாகி விடுவோமோ என்ற அச்சம்.

இரண்டாவது கை தோட்டத்துக்குக் கீழேயுள்ள சிங்களக் கிராமத்தானுடையது. இவனைப்பற்றி நம்மவர் எழுதுவது குறைவு. எழுதினாலும் வசைபாடியே எழுதுகின்றோம். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தினால், உறுதிப்பத்திரம் காட்டவியலாத கண்டி நாட்டு நிலங்களை வெள்ளையன் முடிக்குரியதாக்கினான். சேனைக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்பட்ட காடு கோப்பித் தோட்டமாயிற்று, பின்னர் தேயிலையாயிற்று. கிராமத்தானிடமும் அன்று தாளைத்தான் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்! அவனிடமும் தாள் இல்லை. நூறாண்டு கழித்து அவன் பேரன் பள்ளத்திலிருந்து மேலே நிமிர்ந்து பார்த்தான். நிலத்தைப் பறித்த துரை பங்களாவுக்குள் இருந்தான், கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டது கூடையும் தலையுமாக நின்ற தமிழச்சி. அவள்தான் தன் நிலத்தில் நிற்கின்றாள் என்று அவன் நம்பினான். நம்பும்படி அவனுக்கு மேடைதோறும் போதிக்கப்பட்டது. உண்மையான மனக்குறையைப் பொய்யான எதிரியின்மேல் திருப்பிவிடுவது பயங்கர அரசியலின் பழைய வித்தை. ஜெர்மனியில் வேலையிழந்தவனுக்கு யூதனைக் காட்டினார்கள். நமது மலைகளிலே நிலமிழந்தவனுக்குக் கூலியைக் காட்டினார்கள். அந்தக் கிராமத்தானின் மனக்குறைக்கு இன்றுவரை எவரும் நேர்மையாக விடை சொல்லவில்லை. ஆகையாலேதான் அது மீண்டும் மீண்டும் தீக்குச்சியாகப் பயன்படுகின்றது.

மூன்றாவது கை எழுதுவினைஞனுடையது. ஹன்னா அரெண்ட் என்ற ஜெர்மன் யூத மாது 1933இல் நாட்டை விட்டோடி, 1951வரை எந்த நாட்டுக்கும் உரிமையற்றவராக வாழ்ந்தவர். ஒரு நாட்டின் அங்கத்துவத்தை இழந்தவன் மற்ற எல்லா உரிமைகளையும் கோருகின்ற தகுதியையே இழந்துவிடுகின்றான் என்பதை அவர் தம் அனுபவத்திலிருந்தே எழுதினார். அவர் 1961இல் ஜெருசலம் சென்று, இலட்சக்கணக்கான யூதரைக் கொலைக்களத்துக்கு இரயிலேற்றிய ஐக்மனின் விசாரணையைக் கண்டார். கண்ணாடிக் கூண்டுக்குள்ளே இருந்தவன் பூதமன்று, தன் உத்தியோக உயர்வை எண்ணியிருந்த சாதாரண அதிகாரி என்று எழுதினார். அக்கூற்றை நாம் முழுதாக ஒப்பவில்லை. ஐக்மனிடம் வெறுப்பும் மிகுதியாக இருந்ததென்று பின்வந்த ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். ஆயினும் அவர் கூற்றிலே நம் மலையகத்துக்குப் பொருந்தும் உண்மை ஒன்று உண்டு. இலட்சக்கணக்கான விண்ணப்பங்களை ஒரு மந்திரியால் நிராகரிக்க முடியாது. ஒவ்வொன்றையும் ஒருவன் எடுத்து, வாசித்து, ஒரு காரணம் கண்டுபிடித்து, முத்திரை குத்த வேண்டும். அவர்களிற் பலர் மாலையில் வீடு சென்று பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தமிழ் எழுதுவினைஞரும் அக்கச்சேரிகளிலே இருந்தனர் என்பதை மறைத்துப் பயன் என்ன?

நான்காவது கையைக் கூறுவதற்குத்தான் நமக்கு வெட்கமாயிருக்கின்றது. அது நம்முடையது. முதற் சட்டத்தை எதிர்த்த ஜி. ஜி. பொன்னம்பலம், இரண்டாவது சட்டம் வந்தபோது மந்திரியாக அரசாங்க வரிசையிலே அமர்ந்திருந்தார். அதனை ஒப்பாத எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியை அமைத்தது வரலாறு. ஆயினும் வடக்கிலே அன்று எத்தனை வீட்டில் அடுப்பெரியாமற் போயிற்று? "தோட்டக்காட்டான்" என்ற சொல் யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலே சாதாரணமாகப் புழங்கிய சொல். ஏழு இலட்சம் பேர் பிரஜாவுரிமை இழந்தபோது, தமிழ் பேசுவோரில் ஒரு பகுதியார் தமக்கு அது நேராது என்று எண்ணி ஆறுதலடைந்தார்கள். எட்டாண்டு கழித்து 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் அவர்கள் வாசற் கதவையே தட்டியது.

இடதுசாரித் தோழர்களையும் விட்டுவிடலாகாது. 1948இல் இச்சட்டங்களை வன்மையாக எதிர்த்தவர்கள் அவர்களே. என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று பேசியதை மலையகம் மறக்கவில்லை. முல்லோயாத் தோட்டத்திலே 1940இல் கோவிந்தன் பொலிஸ் குண்டுக்கு இரையானபோது கொல்வின் வழக்குரைத்ததையும் மறக்கவில்லை. ஆயின் 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் சேர்ந்தது, என். எம். நிதி மந்திரியானார். அவ்வாண்டு அக்டோபர் 30ஆந் தேதி ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒன்பது இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேரில் ஐந்தேகால் இலட்சம் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பின்னர் பார்த்துக் கொள்ளலாம் என்று இரு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்டன. 1974இல் அந்த ஒன்றரை இலட்சத்தையும் பாதி பாதியாக வெட்டினார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தையிலே ஆட்டைப் பிரிப்பவனாவது ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்.

ஒரு வீட்டிலே தகப்பன் இந்தியா, மகன் இலங்கை என்றானது. ஹட்டன் நிலையத்திலே கட்டிப்பிடித்து அழுதுவிட்டுக் கோச்சியேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமிலே இறங்கியவர்கள், தாம் கண்டிராத "தாயகத்திலே" சிலோன்காரர் என்று அழைக்கப்பட்டார்கள். இந்த நாட்டிலே இந்தியாக்காரன், அந்த நாட்டிலே சிலோன்காரன்!

தாளிலே தொடங்கியது தாளோடு நின்றதா என்று கேட்போர்க்கு நாம் சில ஆண்டுகளை மட்டும் நினைவூட்டுவோம். சட்டம் ஒரு மக்கட் கூட்டத்தை ஆதரவற்றதாக்கிவிட்டால், அதன்மேல் கை வைப்பவனுக்கு அச்சம் போய்விடுகின்றது. 1971இல் கிளர்ச்சி செய்த மக்கள் விடுதலை முன்னணி தன் இளைஞர்க்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்பு வாதத்தைப் பற்றியது. தோட்டத் தொழிலாளி அதிலே பகைவனின் கையாளாகச் சித்திரிக்கப்பட்டான். புரட்சி பேசிய இளைஞனுக்கும் கொழுந்துக்காரிதான் அகப்பட்டாள். 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திலே தோட்டங்களில் இறப்பு மிகுந்தது. நகரத்தான் அரிசி விலையைப் பற்றி முணுமுணுத்தபோது, தோட்டத்தான் பிள்ளையைப் புதைத்துக்கொண்டிருந்தான். 1977 மே 11ஆந் தேதி, தோட்டக் காணிகளைப் பிரித்தெடுக்கும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தபோது, டெவன் தோட்டத்திலே சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் சூட்டுக்குப் பலியானார். அவ்வாண்டு ஆகஸ்டிலும், 1981 ஆகஸ்டிலும் லயங்கள் எரிந்தன. பலர் வவுனியாக் காடுகளை நோக்கி ஓடினர். 1983 ஜூலையிலே நுவரெலியா நகரமே எரிந்தது.

அந்த ஜூலையிலே கொழும்பில் குண்டர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்ததைக் கண்டவர்கள் பலர் பதிந்துவைத்துள்ளனர். எந்த வீடு தமிழர் வீடு என்று பார்த்து எரிப்பதற்கு அது உதவிற்று. 1949இல் தமிழன் பெயரை நீக்குவதற்கு எடுத்த அதே வகைப் புத்தகம், 1983இல் தமிழன் பெயரைத் தேடுவதற்கு எடுக்கப்பட்டது. பட்டியல் தயாரிப்பவன் அதனை நாளை எவன் எடுப்பான் என்று அறியான். அறிய விரும்புவதும் இல்லை.

இலக்கங்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. எண் சாத்திரத்தில் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆயினும் வாக்குரிமை பறித்த சட்டம் 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். முப்பதாண்டு இடைவெளி. பின்னது மூன்றாண்டுக்கு மட்டும் என்று தற்காலிகமாகப் பிறந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. முன்னதன் விளைவாகத் தேசிய அடையாள அட்டை இன்றி நின்ற தோட்டத்து இளைஞனைப் பின்னதன்கீழ் பிடித்துக்கொண்டு போவது எளிதாயிற்று. கொழும்புக்குக் கடைவேலைக்கு வந்தவன் சோதனைச் சாவடியிலே கையை விரித்து நிற்பான். உன்னிடம் அட்டை ஏன் இல்லை என்று அரசாங்கத்தின் ஆயுதக்காரன் கேட்பான். அதற்கு விடை அரசாங்கத்திடமே இருந்தது.

பண்டாரவளைக்கு அருகிலுள்ள பிந்துனுவெவவில் நிகழ்ந்ததைக் கூறாமல் இப்பொருளை முடிக்க இயலாது. அங்கே ஒரு புனர்வாழ்வு முகாம். அதிலே தமிழ் இளைஞர்கள். கைவிலங்கோ உயர்ந்த மதிலோ பெரிதாக இல்லாத இடம். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆந் தேதி காலை, சுற்றுப்புறக் கிராமத்தவர் திரளாக வந்து கத்தியாலும் தடியாலும் தீயாலும் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். ஆயுதந்தாங்கிய பொலிஸார் அங்கே நின்றுகொண்டிருந்தனர். வந்தவர்கள் தொலைவிலிருந்து இறக்குமதியான அரக்கர் அல்லர். முந்திய நாள்வரை அம்முகாமின் பாதையிலே நடந்தவர்கள், கடையிலே தேநீர் குடித்தவர்கள். அவர்கள் மனத்திலே ஓரிரவிலா அந்த நஞ்சு ஊறிற்று? ஐம்பதாண்டாக, "இவர்கள் நம்மவர் அல்லர்" என்று சட்டம் சொன்னது, மேடை சொன்னது, பத்திரிகை சொன்னது. காலையிலே கத்தியை எடுத்தவன் அதையே தன் மொழியில் சொன்னான். பொலிஸார் நிலையோ இன்னும் ஆராயத்தக்கது. கொல்லுமாறு அவர்களுக்குக் கட்டளை தேவையாயிருக்கவில்லை. காக்குமாறு கட்டளை வரவில்லை என்பதே போதுமாயிருந்தது. 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. கொலை நடந்தது உண்மை. கொன்றவர் மட்டும் ஒருவரும் இல்லை!

இங்கே ஒரு வாசகர் எழுந்து, "சிங்களவன் கொடியவன் என்று நேரே சொல்லாமல் ஏன் சுற்றி வளைக்கின்றீர்?" என்று கேட்கக்கூடும். நாம் அவ்விதம் சொல்லமாட்டோம். சொன்னால் பொய்யாகும். 1987 முதல் 1989 வரை தென்னிலங்கையிலே ஆற்றிலே மிதந்த பிணங்களும் தெருவோரம் டயரிலே எரிந்த உடல்களும் சிங்களத் தாய்மார் பெற்ற பிள்ளைகளுடையவை. கிளர்ச்சிக்காரரும் அரசும் மாறி மாறிக் கொன்றதிலே பல்லாயிரம் இளைஞர் மாண்டனர். தமிழனுக்கென்று தீட்டிய கத்தி, கைப்பிடியைப் பிடித்திருந்தவனின் வீட்டுக்கே திரும்பியது. 1983இல் தன் வீட்டுக் கட்டிலின் கீழே தமிழ்க் குடும்பத்தை ஒளித்துவைத்துக் குண்டர் முன் வாசலிலே நின்று பொய் சொன்ன சிங்கள மாதரையும் நாம் அறிவோம். அதே சட்டத்தின் கீழே, அதே பிரசாரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்களும். கொடுமை இனத்தின் இரத்தத்திலே ஓடுவதாயின் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

நம் பக்கத்துக் கணக்கும் ஒன்று உண்டு. 1990 அக்டோபர் முடிவிலே, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி துப்பாக்கி முனையிலே விரட்டியவர்கள் தமிழ்ப் போராளிகள். வடமாகாணம் முழுவதிலிருந்தும் பல்லாயிரம் பேர் அவ்விதம் துரத்தப்பட்டனர். நாடற்றோனின் துயரத்தை நாற்பதாண்டு மேடையிலே பேசிய இனத்திலிருந்தே அது நிகழ்ந்தது. நகைகளைக் கழற்றி வாங்கியவனும் நம் வீட்டுப் பிள்ளைதான். அவனுக்கும் ஒரு கட்டளை இருந்தது. அவனுக்கும் ஒரு காரணம் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. தெருவோரத்திலே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்தவர்களுக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது.

கடலுக்கப்பாலும் இக்கதை ஓயவில்லை. பர்மாவின் 1982ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் றோகிஞ்சா முஸ்லிம்களை அந்நியராக்கிற்று. 2017இல் ஊர்கள் எரிந்து, ஏழு இலட்சம் பேர் வங்காள தேசத்துக்கு ஓடினர். சட்டத்துக்கும் தீக்கும் இடையே அங்கும் ஏறத்தாழ நம் நாட்டைப் போலவே முப்பத்தைந்தாண்டு. அசாமிலே 2019இல் வெளியான பட்டியலில் பத்தொன்பது இலட்சம் பேரின் பெயர்கள் இல்லை. பாட்டன் பத்திரத்தைத் தேடி அவர்களும் கச்சேரி வாசலிலே நின்றார்கள். ஹட்டனிலே அச்செய்தியை வாசித்த முதியவர் எவருக்கும் விளக்கவுரை வேண்டியிருந்திராது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத்தாருக்குப் பிரஜாவுரிமையை மீட்டுக் கொடுத்தது, எல்லாக் கட்சியினரும் ஆதரித்தனர், மெச்சுகின்றோம். ஆயினும் பறித்தது தவறு என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொள்வது வேறு, கொடுக்க மனமுவந்தது போல் கொடுப்பது வேறு. 2023இலே, முன்னோர் வந்த இருநூறாவது ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்தார்கள். அவர்கள் கேட்டவற்றுள் நிலமும் வீடும் முதன்மையானவை. இன்னும் பல தோட்டங்களிலே லயத்துக் குடும்பத்துக்குத் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கிருந்து எப்பொழுதாவது வருகின்றது. வாக்கு உண்டு, வாசற்படிக்கு இலக்கம் இல்லை.

இந்த அரசாங்கத்தை நாம் கேட்பன இரண்டு. ஒன்று, லயங்களில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதியுடன் கூடிய காணியும் அதற்கொரு விலாசமும். மற்றொன்றுக்குப் பணம் வேண்டியதில்லை. 1949 முதல் நிராகரிக்கப்பட்ட பிரஜாவுரிமை விண்ணப்பங்களின் கோப்புகளைத் திறந்து வைக்க வேண்டும். எவருடைய பெயர், எந்தத் தோட்டம், எந்தக் காரணம் கூறி நிராகரித்தனர் என்பதைப் பேரப்பிள்ளைகள் நேரிலே வந்து வாசிக்கட்டும். முத்திரை குத்தியவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவர்களிற் பெரும்பாலோர் இறந்துவிட்டனர். தாயின் சாவுக்கு இந்தியா போய், அங்கே நோய்ப்பட்டுத் திரும்ப ஓராண்டு பிந்தியதனாலே ஒருவன் நாடற்றவனானான் என்றால், அதை எழுதிய கையெழுத்து எப்படியிருந்தது என்று அவன் பேரன் பார்க்கட்டும். அத்தாளை அவனுக்குக் காட்டுங்கள்.